எடுத்த கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கும், நர்சிங் ஹோம் நடத்துகிறவர்களுக்கும், தியேட்டர் செவிலியர்களுக்கும் வணக்கம்.

நான் 27 வருடம் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். நீங்கள் அனுப்பும் சதையை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட் மேஜையில் வைப்பதுதான் என் வேலை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு நேரம். ஒருவர் மஞ்சப்பையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார். அவர் மனைவியின் மார்பில் இருந்த கட்டி. எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் ஆபரேஷன் முடிந்ததும், "இதை டெஸ்ட்டுக்குக் கொடுத்துடுங்க" என்று கையில் கொடுத்திருக்கிறார்கள். அறுப்பு மிஷின் கிடைத்த நாளை விட முடியாமல், அதை முடித்துவிட்டு வந்திருந்தார். கெட்டுப்போகும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாட்டிலில் இருந்தது சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் இல்லை, வெறும் உப்புத் தண்ணீரான சலைன். மூடியைத் திறந்ததுமே வாடை அடித்தது. ஸ்லைடில் செல்களின் கரு கலைந்து, எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகக் கிடந்தது. திசு சிதைந்துவிட்டது, கருத்துச் சொல்ல இயலவில்லை என்று ரிப்போர்ட் போனது. "வேற சதை எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். கட்டியைத்தான் முழுசாக எடுத்தாயிற்றே. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

உடம்பிலிருந்து வெட்டி எடுத்த நிமிஷத்திலிருந்து செல்லைச் செல்லுக்குள் இருக்கும் நொதிகளே அரிக்க ஆரம்பித்துவிடும். சலைன் அதை நிறுத்தாது, ஈரமாக வைத்திருக்கும், அவ்வளவுதான். வலையிலிருந்து எடுத்த மீனுக்கு உடனே ஐஸ் போடத் தெரிந்த கடற்கரை நம்முடையது. மனுஷியின் மார்பிலிருந்து எடுத்ததற்கு அந்தக் கவனம் வேண்டாமா?

மார்பகக் கட்டியில் இது இன்னும் முக்கியம். புற்றுநோயா இல்லையா என்பதோடு இப்போது விஷயம் முடிவதில்லை. ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் ஆகிய மூன்றையும் அதே மெழுகுக் கட்டியிலிருந்துதான் பார்க்கிறோம். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை கேட்கும். விலை குறைந்த மாத்திரைதான். பல வருடம் சாப்பிட வேண்டும், நோய் திரும்பி வரும் வாய்ப்பை நன்றாகவே குறைக்கும். கட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும், குறைந்தது 6 மணி நேரமாவது ஊற வேண்டும், 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதில் தவறினால், உண்மையில் இருக்கிற ஏற்பி இல்லை என்று வந்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு அந்த மாத்திரையே கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அப்புறம் அந்தத் தட்டு. கர்ப்பப்பையையோ கட்டியையோ எடுத்ததும் தட்டில் வைத்து, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் "இதோ பாருங்க" என்று காட்டுவீர்கள். அவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பார்கள். அதன் பிறகு பல இடங்களில் அது கழிவு வாளிக்குப் போகிறது. "பயாப்ஸிக்கு அனுப்பவா? தனியாகக் காசாகும்" என்று கேட்டால், ஏற்கெனவே நகையை அடகு வைத்து வந்த குடும்பம் வேண்டாம் என்றுதான் சொல்லும். தயவுசெய்து கேட்காதீர்கள். ஆபரேஷன் செலவிலேயே அதையும் சேர்த்துவிடுங்கள். கண்ணுக்குச் சாதாரணக் கொழுப்புக் கட்டி, நார்க் கட்டி என்று தெரிந்ததில் ஸ்லைடு வேறு கதை சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. நோயாளி பயப்படுவது புரிகிறது. ஆனால் சில டாக்டர்களும் "எதுக்கு கிளறணும்" என்று பேசாமல் விட்டுவிடுகிறார்கள். புகையிலை போடுகிறவர் வாயில் மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண்ணுக்கு மாசக்கணக்கில் களிம்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுப்பது கொடுமை. புண்ணின் ஓரத்திலிருந்து, நல்ல சதையும் கொஞ்சம் சேர, ஒரு துண்டு எடுத்து அனுப்புங்கள். நடுவில் இருக்கும் அழுகலை அனுப்பினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மெல்லிய ஊசி வைத்துச் செல்லை உறிஞ்சும் பரிசோதனை நல்லதுதான், சீக்கிரம் முடிவும் வரும். ஆனால் அது வயலில் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்ப்பது மாதிரி. தண்ணீர் கலங்கலா தெளிவா என்று சொல்லலாம். வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் பாய்ந்துவிட்டதா என்பதைச் சொல்ல வரப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் திசுத் துண்டு.

தூரம் என்ற காரணம் முன்பு செல்லும். தஞ்சாவூரில் 1959இலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவாரூருக்கும் நாகைக்கும் வந்தாயிற்று. மயிலாடுதுறைக்காரர்களுக்குத்தான் இன்னும் சொந்த மாவட்டத்தில் அரசுக் கல்லூரி இல்லை. ஆனாலும் ஃபார்மலினில் போட்ட சதை பஸ் பயணத்தைத் தாங்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. சதையைப் போடும் திரவத்துக்கு, கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். சதையைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். பாட்டிலின் வாய் அகலமாக இருக்கட்டும். மெத்தென்று உள்ளே போன சதை ஃபார்மலினில் இறுகிவிடும், பிறகு வெளியே வராது. எத்தனை பாட்டிலை உடைத்து எடுத்திருக்கிறோம் தெரியுமா? மார்பகத்தையே முழுசாக எடுத்திருந்தால், நடுவில் உள்ள கட்டிக்கு ஃபார்மலின் போய்ச் சேர எங்கே கீறுவது என்று பேத்தாலஜிஸ்டிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

படிவத்தில் "கட்டி" என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்பாதீர்கள். வயது, எந்தப் பக்கம், எத்தனை மாதமாக இருக்கிறது, ஸ்கேனில் என்ன வந்தது, எல்லாம் வேண்டும். எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதுங்கள். பெயரை மூடியில் ஒட்டாமல் பாட்டிலில் ஒட்டுங்கள், மூடி மாறிவிடும். வீட்டார் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால், இன்றைக்கே கொண்டுபோங்கள் என்று நேர் பார்த்துச் சொல்லுங்கள். அறுப்பை ஒரு நாள் தள்ளிப்போட்டிருப்பார் அந்த மனிதர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
தஞ்சாவூர் மாவட்டம்