பாப்பாவுக்கு, உன் பாட்காஸ்ட் பத்தி

பாப்பா,

போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வச்சிடுவ, அதான் டைப் பண்றேன். அவசரமில்ல, மெதுவா படி.

போன வாரம் நீ சொன்னதுலயே மனசு கெடக்கு. மூணு வருஷம் நடிச்ச கேரக்டர முடிக்கப் போறோம்னு ஒருத்தர் கூட உன்ன உக்காரவச்சு சொல்லல, அன்னைக்கு ஷூட்டிங்ல கைல குடுத்த சீன் பேப்பரப் படிச்சுத்தான் உனக்கே தெரிஞ்சிருக்கு. உங்கம்மா அதக் கேட்டதுல இருந்து சரியா பேசல. எனக்கும் கோவம்தான், ஆனா அதுக்கப்புறம் நீ சொன்னியே, "இப்போதைக்கு வேல எதுவும் இல்லப்பா, சும்மா அந்த பாட்காஸ்ட் மட்டும் ஓடுது"ன்னு, அதுதான் ரொம்ப உறுத்துச்சு. சும்மா எப்படி ஆகும்? நான் அத்தன எபிசோடும் கேட்டிருக்கேன், சிலத ரெண்டு தடவ.

கொஞ்சம் யோசிச்சுப் பாரு. சீரியல்ல நீ பேசுற டயலாக் வேற ஒருத்தர் எழுதுனது, எங்க நிக்கணும் எப்ப திரும்பணும்னு இன்னொருத்தர் சொல்றார், ரேட்டிங் எறங்குனா கதையே வேற பக்கம் போயிடுது, நாளைக்கு ஷூட்டிங் உண்டா இல்லையான்னு ராத்திரி மெசேஜ் வந்தாத்தான் தெரியும். இவ்ளோ உழைச்சும் அதுல ஒரு சீன் மேல கூட உனக்கு உரிமை கெடையாது. பாட்காஸ்ட்ல யாரக் கூப்பிடணும், என்ன கேக்கணும், எத வெட்டணும்னு எல்லாமே நீதான் முடிவு பண்ற. நடிக்க வந்ததுல இருந்து இப்படி ஒண்ணு உனக்குக் கெடச்சதே இல்லையேம்மா.

"நான் மெயின் ரோல் கூட இல்லையேப்பா, என் பேச்ச யாரு கேப்பா"ன்னு ஒரு தடவ கேட்ட. அன்னைக்கு பதில் தெரியல, அப்புறம் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல ஜோஷ்வா மலினான்னு ஒரு நடிகர், தி வெஸ்ட் விங்ங்கிற சீரியலுக்கு நாலாவது சீசன்லதான் உள்ள வந்திருக்கார். சீரியல் 2006ல முடிஞ்சுபோச்சு. பத்து வருஷம் கழிச்சு 2016ல ஹ்ரிஷிகேஷ் ஹிர்வேங்கிற இசைக்கலைஞரோட சேர்ந்து அதே சீரியல ஒவ்வொரு எபிசோடா பாத்து பாட்காஸ்ட் பேச ஆரம்பிச்சு 2020 வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. தி ஆஃபீஸ்ங்கிற சீரியல்ல ரிசப்ஷனிஸ்ட்டா நடிச்ச ஜென்னா ஃபிஷரும், அக்கவுண்ட்ஸ் பாக்குற பொண்ணா நடிச்ச ஏஞ்சலா கின்ஸியும் கூட அப்படித்தான், சீரியல் 2013ல முடிஞ்சது, பாட்காஸ்ட் ஆரம்பிச்சது 2019 அக்டோபர்ல. கூட வேல செஞ்சவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச சின்னச் சின்ன விஷயத்தக் கேக்கத்தான் ஜனங்க வந்திருக்காங்க. அந்த மாதிரி விஷயம் உங்கிட்ட நெறைய இருக்கு.

ஒரு கம்பெனி உன் பாட்காஸ்ட எடுத்து நடத்துறோம்னு கேக்குதுன்னியே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாரு. பாட்காஸ்ட் பேரு யாருக்குச் சொந்தம், பழைய ரெக்கார்டிங் யாருக்கு, அப்புறம் அந்த ஃபீட் யார் அக்கவுண்ட்ல இருக்கும். ஃபீட்தான் முக்கியம், பெரும்பாலான பாட்காஸ்ட் ஆப் அதுல இருந்துதான் புது எபிசோட எடுக்குது, அது கைமாறிட்டா இத்தன நாள் உன்னக் கேட்டவங்களும் கைமாறிடுவாங்க. நாளைக்கு ஒத்து வரலன்னு நீ வெளிய வந்தா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு வக்கீல்கிட்ட காட்டு, அந்தச் செலவ நான் பாத்துக்கறேன். அப்புறம் விளம்பரம். அத உன் குரல்லயே படிக்கச் சொல்லுவாங்க. காதுக்குப் பக்கத்துல நீ பேசுறத கேக்குறவங்க நம்புவாங்க பாப்பா, நீ யூஸ் பண்ணாத பொருள நல்லா இருக்குன்னு சொல்லிடாத.

இப்ப கொறை ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அந்த 14வது எபிசோட், மேக்கப் போடுற அக்காகிட்ட பேசினியே. முதல் நாள் செட்டுக்குப் போனதச் சொல்லிட்டே வந்தவங்க, "அன்னைக்கு எங்கப்பா வாசல்லயே நின்னாரு"ன்னு நிறுத்துனாங்க. மூச்சு இழுக்குற சத்தம் கூட கேட்டுச்சு. நீ உடனே அடுத்த கேள்விக்குப் போயிட்ட. ஏன்னு எனக்குப் புரியுது, எதிர்ல இருக்கவங்க டயலாக் முடிஞ்சா நாம ஆரம்பிக்கணும்னுதான வருஷக்கணக்கா பழக்கம், இடைவெளி விட்டா டைரக்டர் கட் சொல்லிடுவார். அதோட கேமரா முன்னாடி நீ பேசாம இருந்தாலும் உன் கண்ணு பேசும், மைக்குக்கு உன் கண்ணு தெரியாதே, அதான் எதையாவது சொல்லி ரொப்பணும்னு தோணிருக்கும். ஆனா 22வதுல அந்த டப்பிங் பேசுற பெரியவர் தழுதழுத்தப்ப நீ ஒண்ணுமே பேசல, ஒரு நாலஞ்சு செகண்ட் அமைதி, அதையும் வெட்டாம விட்டிருந்த. அதுக்கப்புறம் அவர் சொன்னத இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிருக்க மாட்டார்னு எனக்குத் தோணுச்சு. நான் நடந்துட்டு இருந்தவன் அப்படியே நின்னு கேட்டேன். சீரியல்ல நீ அழுத எந்த சீன்லயும் எனக்கு அப்படி ஆனதில்ல, நெசமா சொல்றேன்.

ஆடிஷனுக்குப் போயிட்டே இரு, நடிப்ப விட்டுடுன்னு நான் சொல்லவே மாட்டேன். வேல வர்ற வரைக்கும் கைச்செலவுக்கு வேணும்னா கேளு, கூச்சப்படாத. ராத்திரி ரெக்கார்டிங் வச்சுக்காத, உன் தொண்ட கட்டுறது இங்க வரைக்கும் கேக்குது.

அந்த மேக்கப் அக்காவ இன்னொரு தடவ கூப்பிட முடியுமா? அவங்கப்பா வாசல்ல எவ்ளோ நேரம் நின்னாருன்னு கேளு. உங்கம்மாவும் அதையேதான் கேட்டுட்டு இருக்கா.

அப்பா