பரிசுப் பணமும் பழைய ஈட்டியும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பரிசுப் பணத்தில் 10 சதவீதத்தைச் சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்காக எல்லா வீரர்களும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் தீர்மானம் வருகிறது. வீரர்கள் தரப்பில் நானும் ஓட்டுப் போட வேண்டும். நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்றாய். "நல்ல காரியம்தானே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் அந்தப் பச்சை அட்டை நோட்டைத் தேடி எடுத்தேன். நீ 12 வயதில் முதன்முதலாக ஈட்டியைத் தொட்ட நாளிலிருந்து நான் எழுதி வந்த கணக்கு. இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு. இடது பக்கம் முழுக்க நிரம்பியிருக்கிறது: ஸ்பைக்ஸ் ஷூ, நுழைவுக் கட்டணம், ரயில், பஸ், பஸ்ஸில் ஈட்டிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட், தங்கிய அறை, முழங்கைக்கு ஸ்கேன், பிசியோதெரபி, மறுபடியும் ஸ்பைக்ஸ். வலது பக்கம் ஏழு வருஷத்துக்கு வெறும் கோடுதான். அதற்கப்புறம்தான் முதல் வரி வருகிறது, உன் முதல் பரிசுத் தொகை. சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்று அம்மா எட்டிப் பார்த்து, "தானிக்கும் தீனிக்கும் சரியாப் போச்சா?" என்று கேட்டாள். சரியாகப் போகவில்லை. அந்த ஒரு வருஷச் செலவில் பாதியைக்கூட அது தொடவில்லை.

பெரிய காசோலை அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிற படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது லாபமாகத் தெரியும். நோட்டை எழுதியவனுக்குத் தெரியும், அது போட்ட முதலில் ஒரு துண்டு, அதுவும் வெகுநாள் கழித்துத் திரும்பி வந்தது.

அந்தச் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது. "இளையோர் நல நிதி, பிடித்தம்." ஞாபகம் இருக்கிறதா? ரசீது கேட்டேன். அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். அந்தப் பணத்தில் எந்தப் பிள்ளைக்கு என்ன வாங்கினார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. "குட்டிப் பிள்ளைங்களுக்குத்தானேப்பா, போகட்டும்" என்று நீ சந்தோஷமாகச் சொன்னாயே, அந்த நம்பிக்கையை இப்படி வீணடித்தார்களே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

உன் விளையாட்டின் உச்சியிலேயே பார். ஒலிம்பிக் கமிட்டி வெற்றி பெற்றவர்களுக்குப் பரிசுப் பணம் தருவதில்லை. 2024 பாரிஸில்தான் முதல் தடவையாக உலகத் தடகளக் கூட்டமைப்பு தங்கம் வென்றவர்களுக்குத் தலா 50,000 டாலர் கொடுத்தது. 48 போட்டிகளுக்குமாகச் சேர்த்து 24 லட்சம் டாலர். பெண்கள் ஈட்டி எறிதல் இறுதிச் சுற்றில் 12 பேர் இறங்கினார்கள். அந்தப் பரிசு ஜப்பானின் ஹருகா கிட்டகுச்சி ஒருவருக்கு மட்டும்தான். உலக சாம்பியன்ஷிப்பில் எட்டாம் இடம் வரை தருகிறார்கள்: முதல் இடத்துக்கு 70,000 டாலர், எட்டாம் இடத்துக்கு 5,000. ஒன்பதாவதாக வந்தவளுக்கு ஒன்றும் கிடையாது. உலகத்திலேயே எட்டாவது ஆளாக நிற்கிறவள் அந்த 5,000 டாலரில் கோச்சுக்குக் கொடுத்து, பிசியோவுக்குக் கொடுத்து, வரி கட்டி, விமான டிக்கெட்டையும் கழித்துவிட்டு உட்கார்ந்தால் கையில் என்ன நிற்கும்? அவளிடமும் 10 சதவீதம், 70,000 வாங்கியவளிடமும் அதே 10 சதவீதம் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. விளையாடுகிறவன் காசைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு காலம் இருந்தது. ஜிம் தோர்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டாத்லானிலும் பத்து போட்டிகள் சேர்ந்த டெகாத்லானிலும் தங்கம் வென்றவர். அதற்கு முன்னால் கொஞ்சம் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று சொல்லி மறு வருஷமே இரண்டு பதக்கங்களையும் பறித்துக்கொண்டார்கள். அவர் 1953இல் இறந்துபோனார். பதக்கத்தைத் திருப்பித் தர முடிவு செய்தது 1982இல். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று பதிவேட்டைத் திருத்தியது 2022இல். வீட்டில் வசதி இருந்தவர்களுக்கு, காசு வாங்காமல்தான் ஆட வேண்டும் என்ற அந்த அமெச்சூர் விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. அடிபட்டதெல்லாம் உழைத்துச் சாப்பிட வேண்டியவர்கள்தான். "தியாகம் செய், பிள்ளைகளுக்காகக் கொடு" என்று வீரர்களைப் பார்த்து மேடையிலிருந்து யாராவது பேசினால் எனக்கு உடனே தோர்ப் ஞாபகம்தான் வருகிறது.

இதை மட்டும் எழுதி நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன்.

நீ கற்றுக்கொண்ட அந்த கிரவுண்டை நினைத்துப் பார். 11 பிள்ளைகள், இரண்டே ஈட்டிகள். எறிந்தவளே நடந்து போய் மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு நடந்தே திரும்ப வேண்டும். ஈட்டியோடு ஓடி வந்தால் மாஸ்டர் சத்தம் போடுவார். மற்றவர்கள் வரிசையில் காத்து நிற்பார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் உனக்கு எட்டு எறிதான் கிடைக்கும். ஒரு ஈட்டியில் பிடிக்கயிறு பிரிந்துபோய்க் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வியர்வைக் கையில் அது வழுக்கும். நீ மண்ணைத் தொட்டு உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு எறிவாய்.

அப்புறம் ஒரு நாள் அந்தச் சீனியர் அக்கா வந்தாள். சாக்கில் சுற்றி ஒரு ஈட்டி கொண்டு வந்தாள். பெரியவர்கள் எறிகிற 600 கிராம் ஈட்டி. உன் வயதுக்கு 500 கிராமே கனம். தூக்கிப் பார்த்துவிட்டு நீ தயங்கினாய். "வளர்ந்துடுவே, வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அப்போது நிரந்தர வேலைகூடக் கிடைத்திருக்கவில்லை. தன் முதல் பரிசுப் பணத்தில் வாங்கிய ஈட்டி அது என்று மாஸ்டர் பிற்பாடுதான் சொன்னார். பெரிய பெண்கள் அதற்கு மாறிக்கொண்டார்கள், வரிசை குறைந்தது. மறுநாளும் நான் எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 12 எறி.

அவளிடம் யாரும் பிடித்தம் செய்யவில்லை, தீர்மானமும் போடவில்லை. இதைச் சொல்லி, தானாகக் கொடுப்பதே போதும் என்று முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது அந்த இடது கைக்காரப் பெண் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். 13 வயதில் உன்னைவிடத் தூரம் எறிந்தவள். அவள் எறிந்தால் ஈட்டி ஆடாது, கோடு போட்ட மாதிரி போகும். இரண்டு போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்ட முடியவில்லை, ஸ்பைக்ஸ் கிழிந்தது, மூன்றாவது போட்டிக்கு அவள் வரவில்லை. அவளுக்கு ஒரு அக்கா அமையவில்லை. நானும் அந்த வருஷம் உன் ஸ்பைக்ஸுக்கே திண்டாடிக்கொண்டிருந்ததால் அவளைப் பற்றி விசாரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம். அந்த 11 பேரில் இன்று எறிகிறவள் நீ ஒருத்திதான். யாரோ ஒருவருடைய நல்ல மனசை நம்பி மட்டும் ஒரு விளையாட்டை நடத்த முடியாது என்று அந்தப் பெண்ணை நினைக்கும்போது தோன்றுகிறது. நிதி வேண்டும். வருஷா வருஷம் தவறாமல் வருகிற பணம் வேண்டும். அதை முதலில் யாருடைய பையிலிருந்து எடுப்பது என்பதில்தான் என் சண்டை.

கால்பந்தில் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியாத ஒரு ஆட்டக்காரரை ஒரு நாட்டு கிளப் விற்று இன்னொரு நாட்டு கிளப் வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவர் 12 வயதிலிருந்து 23 வயது வரை எங்கெங்கே பயிற்சி பெற்றாரோ அந்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. பையனுக்குப் பந்து போட்டு வளர்த்த சின்ன கிளப்புக்கும் பங்கு போகிறது. ஆட்டக்காரரின் சம்பளத்தில் யாரும் கை வைப்பதில்லை. திறமையை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள்தான் கொடுக்கிறார்கள். உங்கள் சங்கத்துக்கும் ஒளிபரப்பிலிருந்து வருகிறது, ஸ்பான்சரிடமிருந்து வருகிறது, டிக்கெட்டிலிருந்து வருகிறது. அதில் எத்தனை சதவீதம் 12 வயதுப் பிள்ளைகளுக்கு என்று முதலில் அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் உன் பக்கம் திரும்பட்டும்.

கொடுக்கிற மனசு விளையாடுகிறவர்களிடம் எப்போதுமே இருந்திருக்கிறது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பவருக்கு 5 லட்சம் யூரோ. அதை அவர் தன்னோடு மிதித்தவர்களுக்கும் மெக்கானிக்குக்கும் மசாஜ் செய்தவருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவதுதான் அங்கே பழக்கம். காற்றை மறைத்துக்கொண்டு முன்னால் போனவர்கள் இல்லாமல் அவர் ஜெயித்திருக்க முடியாது என்பது அந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்பெயினின் கால்பந்து வீரர் ஹுவான் மாட்டா 2017இல் தன் சம்பளத்தில் 1 சதவீதத்தைக் கால்பந்து மூலம் சமூகப் பணி செய்கிற அமைப்புகளுக்குத் தருவதாகச் சொல்லி 'காமன் கோல்' இயக்கத்தைத் தொடங்கினார். கியெல்லினி, ஹம்மல்ஸ், மேகன் ராபினோ என்று பலர் சேர்ந்துகொண்டார்கள். 1 சதவீதம்தான், ஆனால் தாங்களாகவே சேர்ந்தவர்கள் கொடுத்தது. உன் ஈட்டிக்காரி, போலந்தின் மரியா ஆந்த்ரேசிக், டோக்கியோவில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தையே ஒரு கைக்குழந்தையின் இதய அறுவை சிகிச்சைக்காக ஏலம் விட்டாள். ஏலம் எடுத்த கடை நிறுவனத்தார் பதக்கத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை எனக்குப் படித்துக் காட்டியபோது உன் குரல் கம்மியதை நான் மறக்கவில்லை.

கோபிசந்தையும் சொல்ல வேண்டும். 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர், பேட்மிண்டன் அகாடமி கட்டுவதற்காக வீட்டையே அடமானம் வைத்தார். சாய்னாவும் சிந்துவும் அவரிடம் பயிற்சி பெற்று ஒலிம்பிக் பதக்கத்தோடு திரும்பினார்கள். அவர் பணத்தைக் கொடுத்தது மட்டுமில்லை, விடிகாலையில் கோர்ட்டில் போய் நின்றார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஆனால் வீட்டை அடமானம் வைத்துத்தான் ஒரு விளையாட்டு வளர வேண்டும் என்று இருக்கக் கூடாது, கண்ணம்மா.

சரி, கூட்டத்தில் என்ன செய்வது? தீர்மானம் இப்போது இருக்கிற மாதிரியே வந்தால் நீ கை தூக்காதே. "பிள்ளைகளுக்கு எதிராக ஓட்டுப் போட்டாள்" என்று சொல்வார்கள். சொல்லட்டும். எழுந்து நின்று திருத்தம் கேள். ஒரு வருஷத்துச் செலவெல்லாம் போக மிஞ்சுவதில்தான் பங்கு என்று எழுதச் சொல். ஒரு வரம்புக்குக் கீழே வாங்குகிறவர்களிடம் ஒரு பைசா எடுக்கக் கூடாது, முதல் தடவையாகப் பரிசு வாங்குகிறவர்களைத் தொடவே கூடாது. சங்கம் தன் வருமானத்திலிருந்து முதலில் போட வேண்டும், வீரர்கள் போடுவதைவிடக் கூடுதலாகப் போட வேண்டும். கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். எத்தனை ஈட்டி வாங்கினார்கள், எந்த கிரவுண்டுக்குப் போனது, எத்தனை பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டினார்கள் என்று பொருளாகவும் ஆளாகவும் அதில் இருக்க வேண்டும். "மேம்பாட்டுப் பணிகள்" என்று ஒற்றை வரியில் எழுதினால் ஒத்துக்கொள்ளாதே. என் நோட்டை வேண்டுமானால் எடுத்துப் போய்க் காட்டு. அவ்வளவும் செய்தால் இரண்டு கையையும் தூக்கு.

உன் சொந்தப் பணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முழங்கைச் சிகிச்சைக்கு வாங்கிய கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடு. அதற்கப்புறம் நீ என்ன கொடுத்தாலும் அம்மாவுக்கும் எனக்கும் சந்தோஷம்தான். எங்களுக்குத் தர வேண்டுமே என்று அதில் குறைக்காதே.

இன்னொரு விஷயம். அந்த அக்கா கொடுத்த ஈட்டி கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. நேற்று எடுத்துத் துடைத்தேன். முனையில் லேசாகத் துரு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. வளைவு இல்லை, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டேன். பழைய பிடிக்கயிற்றைப் பிரித்துவிட்டுப் புதுக்கயிறு சுற்றியிருக்கிறேன். இரண்டு தடவை தளர்ந்துபோய் மூன்றாவது தடவைதான் இறுக்கமாக வந்தது. கிரவுண்டில் இப்போது ஒன்பது பேர் எறிகிறார்கள், மூன்று ஈட்டி இருக்கிறது என்று மாஸ்டர் சொன்னார். அடுத்த மாதம் நீ வருவதாக இருந்தால் வைத்திருக்கிறேன், நீயே உன் கையால் கொடு. வர முடியாதென்றால் சொல், சனிக்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா