மேனேஜர் மீட்டிங்குக்குப் போகும் முன்

கண்ணு,

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் மேனேஜரோடு எப்படி ஒத்துப்போவது என்று கேட்டிருந்தாய். கூழைக்கும்பிடு போட்டு நல்ல பெயர் வாங்க வேண்டாம். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அந்த மேலதிகாரிக்கு எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மேனேஜரிடமே நேராகக் கேள்: உற்பத்தியா, ஸ்கிராப்பா, மிஷின் நின்ற நேரமா? காலை மீட்டிங் 9:30 என்றால், அந்தக் கணக்கு 9 மணிக்கே அவர் போனில் இருக்க வேண்டும்.

கெட்ட செய்தியைத்தான் சீக்கிரம் சொல்ல வேண்டும். ‘மிஷின்ல பிரச்சனை சார்’ என்று மட்டும் அனுப்பினால், அவர் நாலு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் மேலிடத்திலிருந்து அவருக்குப் போன் வந்துவிடும். இப்படி எழுது: ‘2-ஆம் லைன் மோட்டாரில் பேரிங் சத்தம். சூடு நேற்று 60 டிகிரி, இன்று 85. வேகத்தைக் குறைத்திருக்கிறேன். ஸ்டோரில் புது பேரிங் இருக்கிறது. 11 மணிக்கு நிறுத்தினால் 40 நிமிடத்தில் மாற்றிவிடலாம். நிறுத்தட்டுமா?’ இதற்கு அவர் ‘சரி’ என்றால் போதும். ஷிப்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் ஷாஃப்ட்டும் சேர்ந்து போகும். அதைவிட மோசம், அப்புறம் நீ ‘எல்லாம் ஓகே’ என்றாலும் அவர் நம்பமாட்டார்.

மிஷின் சத்தத்துக்கு நடுவே பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்ன வேலையை உடனே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி உறுதிப்படுத்திக்கொள். மூன்று வேலையை ஒன்றாகக் கொடுத்தால் ‘இன்றைக்கு இரண்டுதான் முடியும், எதை முதலில் எடுக்கட்டும்?’ என்று கேள். அவர் கணக்கு தப்பு என்று தெரிந்தால் அறைக்குப் போய்த் தனியாகக் காட்டு. நாலு பேர் முன்னால் திருத்தினால், நீ சொல்வது சரியாகவே இருந்தாலும் மனுசன் இறங்கி வரமாட்டார். சொல்லியும் அவர் முடிவு மாறவில்லை என்றால் அவர் சொன்னபடியே செய். ஆனால் கை மாட்டாமல் தடுக்கும் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்றிய மிஷினை யார் ஓட்டச் சொன்னாலும் ஓட்டாதே.

லீவு விஷயமும் முக்கியம். ஓணத்துக்கு அங்கே பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், ஷிப்டுக்கு ஆள் கிடைக்காது. அந்த வாரம் நீ நிற்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பொங்கலுக்குப் பாலக்காட்டில் கேரள அரசு விடுகிற உள்ளூர் விடுமுறையை நம்பி இருந்துவிடாதே, தனியார் கம்பெனி அதைக் கொடுத்தாக வேண்டியதில்லை. டிசம்பர் தொடக்கத்திலேயே லீவு கேட்டு, உனக்குப் பதில் நிற்பவர் யார் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடு.

இதெல்லாம் ஒழுங்கான ஆளிடம்தான் செல்லும். உன் மேல் கை வைத்தாலோ, பேச்சு அசிங்கமானாலோ ஒத்துப்போகிற பேச்சுக்கே இடமில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று குறித்துவை. நடந்த 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். அன்றைக்கே எனக்கும் போன் போடு.

அம்மா