ஏழு கோலுக்கும் கோல்கீப்பர்தான் காரணமா? கிளப் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளப் தலைவர், விளையாட்டு இயக்குநர், தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

0-7 என்று முடிந்த நம் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோற்றதற்காகவும் இதை எழுதவில்லை. வலுவான அணியிடம் அவர்கள் மைதானத்தில் தோற்பது யாருக்கும் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் "தனிப்பட்ட தவறுகள்" என்று பயிற்சியாளர் சொல்லி முடித்துக்கொண்டார். கிளப் மூன்று வரியில் ஓர் அறிக்கை விட்டது. மறுநாளே கோல்கீப்பருக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்ற செய்தி வந்தது. இதற்குப் பிறகும் பேசாமல் இருப்பது சரியல்ல என்றுதான் ரசிகர்கள் நாங்கள் எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த சொந்த மைதான ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளரும் விளையாட்டு இயக்குநரும் ரசிகர்கள் முன் வந்து, இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும்.

26-ஆவது நிமிடத்தில் விழுந்த மூன்றாவது கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். நம் இடது ஃபுல்பேக் (ஓரத்தில் தடுத்தாடுபவர்) எதிரணிப் பாதிக்குள் 20 மீட்டர் முன்னால் நிற்கிறார். வலது ஃபுல்பேக்கும் மேலே ஏறியிருக்கிறார். பந்து பறிபோனதும், பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் நம் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் தனியாளாக ஓடிப்போய் மறிக்கப் பார்க்கிறார். அவருக்குத் துணையாக ஒருவரும் நெருங்கவில்லை. எதிரணி வீரர் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, நிதானமாக நம் இடது பக்கக் காலியிடத்துக்கு நீளமான பாஸ் போடுகிறார். அவர்களுடைய வலது விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) ஓட்டத்தைத் தொடங்கியது தன் சொந்தப் பாதியிலிருந்து. பாஸ் போடும் கணத்தில் அங்கே இருப்பவருக்கு ஆஃப்சைடு (தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) கிடையாது. பின்வரிசை வீரர்கள் நிற்கும் நம் டிஃபென்ஸ் கோட்டைக் கிட்டத்தட்ட நடுக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினால், ஆஃப்சைடு விதியே நமக்கு உதவாது.

அதன் பிறகு நடந்தது வெறும் கணக்கு. பின்வரிசையின் நடுவே நிற்கும் நம் இடது சென்டர்பேக் விங்கரைத் துரத்தி ஓரத்துக்கு இழுபடுகிறார். அவர் விட்ட இடத்தை அடைக்க மற்றொரு சென்டர்பேக் நகர்கிறார். தூரத்துக் கம்பத்தருகே அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் (கோலடிக்கும் முன்வரிசை வீரர்) தனியாக நிற்கிறார். கோணத்தைக் குறைக்க கோல்கீப்பர் முன்னே வருகிறார், அவர் செய்ய வேண்டியதும் அதுதான். பந்து குறுக்கே தள்ளப்பட்டதும் ஸ்ட்ரைக்கர் காலை நீட்டினால் போதும், கோல். உலகத்தில் எந்தக் கோல்கீப்பரை நிறுத்தியிருந்தாலும் அந்தப் பந்து உள்ளே போயிருக்கும்.

இதே வழியில், இதே காலியிடத்திலிருந்து நான்கு கோல்கள் விழுந்தன: 21, 26, 31, 58-ஆவது நிமிடங்களில். ஆறாவது கோல் கோல்கீப்பரின் தவறுதான், கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். அதை மறைக்கவில்லை. ஆனால் ஏழில் ஒன்றுக்குப் பொறுப்பானவர் வெளியே உட்காருகிறார், நான்குக்குப் பொறுப்பான திட்டம் அப்படியே தொடர்கிறது என்றால் அது நியாயமில்லை.

டிஃபென்ஸ் கோட்டை முன்னால் ஏற்றி நிறுத்துவது தவறான முறை என்று சொல்லவில்லை. பந்து வைத்திருப்பவருக்கு மூச்சுவிட இடம் கொடுக்காதபோது மட்டுமே அது நிற்கும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எதிரணி பந்தைப் பின்னால் தள்ளியதும், பந்தைச் சரியாக அடக்க முடியாமல் எதிரி தடுமாறியதும், மூன்று பேராவது சேர்ந்து நெருக்க வேண்டும். அன்று நம் ஸ்ட்ரைக்கர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், டிஃபென்ஸ் மேலே நின்றது. நடுவில் இருந்த இரண்டு மிட்ஃபீல்டர்கள் 50 மீட்டர் நீளத்தைக் காவல் காத்தார்கள். அழுத்தம் கொடுக்க ஆளில்லை என்று தெரிந்த நிமிடமே கோட்டை 15 மீட்டர் பின்னால் இறக்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது கோலுக்கும் நான்காவது கோலுக்கும் இடையே பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் ஆட்டத்தை முடித்தது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நம் வீரர்கள் பந்தை நடுவட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, உடனே ஆட்டத்தைத் தொடங்கி, எல்லோரும் மேலே ஏறினார்கள். கோல் வாங்கிய அணி அப்போது செய்ய வேண்டியது வேறு. கேப்டன் எல்லோரையும் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். பந்தைப் பின்னால் கொடுத்து, எதிரணியின் மூலைப்பக்கம் நீளமாக அடித்து, இரண்டு ஃபுல்பேக்குகளையும் கீழேயே வைத்து, ஐந்து நிமிடம் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசோன்டேயில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று தோற்றபோதும் இதே பதற்றம்தான். 23-ஆவது நிமிடத்திலிருந்து 29-ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல்கள். ஆனால் அன்றுகூட பிரேசில் பயிற்சியாளர் ஸ்கோலாரி இடைவேளையிலேயே இரண்டு மிட்ஃபீல்டர்களை இறக்கினார். ஜெர்மனி வேகத்தைக் குறைத்ததும் உண்மைதான், ஆனாலும் இரண்டாம் பாதியில் விழுந்தது இரண்டு கோல்.

நம் முதல் மாற்றம் எப்போது வந்தது? 70-ஆவது நிமிடத்தில், 0-5 ஆன பிறகு. ஐந்து மாற்றங்களுக்கு விதி இடம் கொடுக்கிறது. ஆட்டத்தின் நடுவே மூன்று முறை பயன்படுத்தலாம், இடைவேளையில் செய்வது அந்த மூன்றில் சேராது. 0-4 என்று இடைவேளைக்குப் போன அணி அதே பதினொரு பேரோடு, அதே அமைப்போடு திரும்பி வந்தது ஏன்? பயிற்சியாளர் அவர்களே, இதற்கு உங்கள் வாயால் பதில் வேண்டும்.

மூன்று புள்ளி எப்படியும் போயிற்று, மிச்சக் கோல்களால் என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம். 2011-12 இங்கிலாந்து பிரீமியர் லீகில் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 89 புள்ளிகளில் சமமாக முடித்தன. அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம் 8 கூடுதலாக இருந்ததால் பட்டம் சிட்டிக்குப் போனது. அந்த சீசனில் யுனைடெட் சொந்த மைதானத்தில் சிட்டியிடம் 1-6 என்று தோற்றது. அந்த ஓர் ஆட்டம் மட்டும் இரு அணிகளுக்கும் நடுவே 10 கோல் இடைவெளியை உண்டாக்கியது. பத்துப் பேரோடு ஆடிய யுனைடெட் 81-ஆவது நிமிடத்தில் 1-3 ஆக்கிவிட்டு, சமன் செய்யும் ஆசையில் மேலே ஏறி, கடைசி நிமிடங்களில் மூன்று கோல் வாங்கியது. தோல்வியைச் சுருக்கிக்கொள்வதும் தொழில்முறை அணியின் வேலைதான்.

இனி, ரசிகர்கள் பட்டதைச் சொல்ல வேண்டும். வெளியூர் ரசிகர்களின் பகுதியை ஆட்டம் முடிந்ததும் திறக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை கதவு பூட்டியே இருக்கும். அன்று முக்கால் மணி நேரம் அப்படி நின்றார்கள். எதிரே பெரிய திரையில் ஏழு கோல்களும் மாறி மாறி ஓடின. குழந்தைகளோடு வந்தவர்களும் வயதானவர்களும் கடைசி ரயில் போய்விடுமே என்று தவித்தார்கள். நம் வீரர்களில் பெரும்பாலோர் நடுக்கோட்டருகே நின்று இரண்டு தட்டு கை தட்டிவிட்டுச் சுரங்கவழிக்குள் போய்விட்டார்கள். வேலி வரைக்கும் நடந்து வந்து, திட்டியவர்களின் முகத்தைப் பார்த்து, கைகூப்பி நின்றவர் ஒருவர்தான். கோல்கீப்பர். நீங்கள் இப்போது வெளியே உட்காரவைக்கப் போவது அவரை.

டிக்கெட் விலையை ஏற்றும்போது "நாம் ஒரு குடும்பம்" என்கிறீர்கள். ஒரு சீசனுக்கு மூன்று ஜெர்சி வெளியிட்டு மூன்றையும் வாங்கச் சொல்கிறீர்கள். தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரத்தைக் கடைசி வாரத்தில் மாற்றி, முன்பதிவு செய்த பயணத்தைப் பாழாக்குகிறீர்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மூன்று வரி போதும் என்று யார் முடிவு செய்தது? கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டோம், மன்னிக்க வேண்டும்.

டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. 2009-இல் டோட்டன்ஹாமிடம் 1-9 என்று தோற்ற விகன் அணி வீரர்கள் அதைத் தாங்களே முன்வந்து செய்தார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. பயிற்சியாளரை நீக்கவும் சொல்லவில்லை. 2019 அக்டோபரில் சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 0-9 என்று தோற்றது. வீரர்களும் பயிற்சியாளர்களும் அன்றைய சம்பளத்தைக் கிளப்பின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஹாசன்ஹூட்டிலைக் கிளப் மாற்றவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் லெஸ்டர் மைதானத்துக்கே போய் 2-1 என்று வென்று வந்தார்கள். திருத்திக்கொள்ள நேரம் கொடுக்க நாங்களும் தயார்தான். எதைத் திருத்தப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

சந்திப்புக்கு ஒரு மணி நேரம் போதும். மூன்றாவது, நான்காவது கோல்களின் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் விளக்கட்டும். கேள்விகளை இரண்டு நாள் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மரியாதை தவறிப் பேசுகிறவர்களை நாங்களே வெளியே அனுப்புவோம். கோல்கீப்பரை மட்டும் மேடையில் உட்காரவைக்காதீர்கள். அவர் சொல்ல வேண்டியதை வேலியருகே வந்து சொல்லிவிட்டார்.

"தனிப்பட்ட தவறுகள்" என்ற பேச்சைத் திரும்பப் பெற்று, பயிற்சியாளரும் விளையாட்டு இயக்குநரும் ரசிகர்கள் முன் வர வேண்டும் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அணிப் பட்டியல் அறிவிக்கும் முன் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெளியூர் ஆட்டங்களுக்கும் உடன் வரும் ரசிகர்கள்