யாரும் மாயமாகவில்லை ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன மாத இதழில், அமெரிக்காவின் கொலராடோவில் பழங்குடிகள் பாறைக்கு அடியில் கட்டிய பழைய வீடுகள் இருக்கும் மெசா வெர்டே பற்றிப் பயணக் கட்டுரை. படங்கள் அருமை. ஆனால் "குகைகளில் வாழ்ந்த அனசாசி இனம் மர்மமாக மறைந்துபோனது" என்ற வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் அது குகையே இல்லை. நாற்பது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவன் சொல்கிறேன். கொலராடோவில் மகள் வீட்டுக்குப் போனபோது, 7,000 அடி உயரத்தில் மூச்சு வாங்க ஏணி ஏறி மெசா வெர்டேயில் கிளிஃப் பேலஸ் என்ற குடியிருப்பைப் பார்த்தேன். பாறைக்கு அடியில் சுமார் 150 அறை, இரும்பையே அறியாதவர்கள் கல்லால் கல்லைக் கொத்திக் கட்டியது. இடுக்கில் கல் சில்லு செருகி அடைத்த மண் சாந்தில் விரல் தடம் இன்னும் இருக்கிறது. என் ஆட்களிடம் இந்த வேலையை வாங்க நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

அப்புறம் அந்த மர்மம். 1200களின் கடைசியில் மழை பொய்த்தது, மக்காச்சோளம் விளையவில்லை, தெற்கே கிளம்பினார்கள். ஹோபி, ஸுனி, அகோமா என்ற புவெப்ளோ பழங்குடிகளாக அவர்கள் வம்சம் இன்றும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் குடியிருப்பது உங்களுக்குத் தெரியாததா? 1891இல் நோர்டென்ஷோல்ட் என்ற ஸ்வீடன்காரர் தோண்டி அள்ளிய எலும்புகள் பின்லாந்து அருங்காட்சியகத்தில் கிடந்தன. அதைக் கேட்டு வாங்கி 2020இல் அடக்கம் செய்தவர்கள் யார், மறைந்துபோனவர்களா?

அனசாசி என்பதும் நவாஹோ என்ற வேறொரு பழங்குடிக்காரர்கள் வைத்த பெயர், பகையாளியின் முன்னோர் என்கிற மாதிரி அர்த்தம். தெரியாமல் நானும் அங்கே அதையே சொல்ல, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா "புவெப்ளோ மக்கள்" என்று மெதுவாகத் திருத்தினார். எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

உங்களுக்கு இது புதிதில்லை. பெருவில் இன்கா மக்கள் கட்டிய மாச்சு பிச்சுவுக்கு வேற்றுக்கிரகவாசிகளை இழுத்தபோதே கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. ராசிபலனுக்கு மட்டும் நான்கு பக்கம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. கிளிஃப் பேலஸ் என்று போட்டிருக்கும் பெரிய படம், அங்கேயே இருக்கும் இன்னொரு குடியிருப்பான ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ். பாறை விழுகிறதென்று 2015இலேயே மூடிய இடம் அது, அதற்குள் போன வருடம் நடந்து பார்த்ததாக எழுதிய உங்கள் கட்டுரையாளரின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
இருபது வருடச் சந்தாதாரர்,
திருச்சி