எழுத்தைக் கையால் கற்கட்டும்

ஆசிரியருக்கு,

படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கு அறிவில் குறைவில்லை. ஒலியை எழுத்தோடு இணைப்பதில்தான் அவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். தமிழில் இத்தடுமாற்றம் கூடும் இடம் ஒன்றுண்டு: ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் மெய்யொலிக்குப் பின்னே கேட்கும் உயிரொலியின் குறி முன்னே நிற்கிறது, ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. கொம்பையும் காலையும் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொடுத்து, குழந்தை அவற்றைக் கையால் பொருத்தியபடியே வாய்விட்டு ஒலிக்கச் செய்வது, ஏட்டைப் பார்த்துத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதைவிடப் பயன் தரும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவுவதும் அவ்வாறே. (திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகிய நமக்கு இது புதிதன்று.) படங்களைக் காட்டினாலே போதும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்; ஒலியைப் படிப்படியாகக் கற்பிக்காமல் படம் எதையும் சாதிக்காது.

கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளை மேற்கொள்வதை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிகளின் கடமையாக்கியுள்ளது. நடைமுறையிலோ, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கோரும் வேளையில்தான் பலருக்குக் குறைபாட்டுச் சான்றிதழின் நினைவே வருகிறது. தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் ஆசிரியர் பயிற்சியில், இக்குறைபாட்டைக் கண்டறியும் முறைக்கும் போதிய நேரம் ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மதுரை