எந்த வண்டி என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மூன்று மலை சைக்கிள்களின் விவரத்தையும் கடை சாத்திய பிறகு நிதானமாகப் படித்தேன். மூன்றும் நார்கோ கம்பெனி என்பதால் ஒப்பிடுவது சுலபம். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள டோரண்ட். பின்னால் 130, முன்னால் 140 மி.மீ. அமுங்கும் ஃப்ளூயிட். பின்னால் 150, முன்னால் 160 உள்ள செகண்ட் ஹேண்ட் சைட். உன் மனசு சைட் பக்கம் சாய்ந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. புது ஃப்ளூயிட் விலைக்கே பெரிய வண்டி வருகிறதே என்ற கணக்கு. ஆனால் என் ஓட்டு ஃப்ளூயிட்டுக்குத்தான்.

நீ எங்கே ஓட்டுகிறாய் என்று பார். ஃப்ரோம் மலையில் மவுண்டன் ஹைவே மண் ரோட்டில் மூச்சு வாங்க ஏறுகிறாய், பாப்ஸ்லெட் தடம் வழியாக இறங்குகிறாய். அது பச்சை வட்டம் போட்ட சுலபமான பாதை. அடுத்து நடுத்தரமான நீலச் சதுரத்துக்குப் போவாய். கடினமான கறுப்பு வைரம் இப்போதைக்கு வேண்டாம். மிதிக்கிற நேரம்தான் அதிகம், இறங்குவது கொஞ்ச நேரம். சைட்டின் போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, அதிகம் சாய்ந்திருக்கும். செங்குத்தான இறக்கத்தில் அது தைரியம் கொடுக்கும், சரி. ஆனால் மெதுவாக ஏறும்போது வளைவில் முன்சக்கரம் அங்கும் இங்கும் அலையும். எடையும் கூடுதல். அந்தப் பெரிய சஸ்பென்ஷன் வேலை செய்கிற வேகத்துக்கு நீ வருவதற்குள் அதன் பேரிங்குகளுக்கு வயசாகிவிடும்.

டோரண்டை நான் மட்டம் தட்டவில்லை. மருதமலை அடிவாரத்து மண் தடத்துக்கு யாராவது வண்டி கேட்டால் இது மாதிரி பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில்தான் எடுத்துக் கொடுப்பேன். பராமரிப்பு குறைவு, சல்லிசு. உன் ஊர்க் கதை வேறு. மழையில் ஊறிய தேவதாரு வேர்கள் பாதையின் குறுக்கே கிடக்கும். பின்னால் அமுங்காத வண்டி ஒவ்வொரு வேரிலும் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

29 இஞ்ச் சக்கரம் ரொம்பப் பெரிசோ என்று பயப்படாதே. நம் கடையில் தொங்குகிற 28 இஞ்ச் வண்டியின் ரிம் 635 மி.மீ. இந்த 29-இன் ரிம் 622தான்! தடித்த டயர் ஏறியதும் மொத்தமாகப் பெரிசாகிவிடுகிறது, அவ்வளவே. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கையில் காசு மிச்சமிருந்தால் டயரிலும் பிரேக்கிலும் போடு. முன்னால் மென்மையான ரப்பரில் 2.4 இஞ்ச் டயர், டியூப் இல்லாமல், உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றி. உன் எடைக்கு முன்னால் 20, பின்னால் 23 பவுண்டு காற்றில் தொடங்கிப் பார். பிரேக் பேட் உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு வகையாக இருக்கட்டும். ஈர மண்ணில் ரெசின் பேட் சீக்கிரம் தேய்ந்துவிடும். கியர் ஷிமானோவின் 12 ஸ்பீடு டியோரே இருந்தால் போதும், அதற்கு மேல் காசு கொடுக்காதே. சீட்டை ஓட்டிக்கொண்டே இறக்குகிற டிராப்பர் போஸ்ட் மட்டும் கட்டாயம்.

இவ்வளவு சொல்லியும் பழைய சைட்தான் வேண்டும் என்றால், போய் முதலில் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாத அளவுக்கு மெல்லத் தூக்கு. 'டக்' என்று ஒரு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பின் இணைப்பின் பேரிங் போயிருக்கும், அல்லது பின்னால் அமுங்கும் ஷாக்கின் புஷ் தேய்ந்திருக்கும். அப்புறம் போர்க்கின் மேல்குழாயைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழே இழு. நகம் எங்காவது மாட்டினால் அது கீறல். உள்ளே இருக்கும் ரப்பர் சீலைக் கிழித்து எண்ணெய் கசியவிடும். வெல்டிங் ஓரங்களில், பெயின்ட் விரிசலா உலோக விரிசலா என்று டார்ச் அடித்துப் பார்.

எதை வாங்கினாலும் முதல் நாளே ஷாக்கில் காற்று சரிபார். ஷூ, பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறு. ஷாக்கில் உள்ள ரப்பர் வளையத்தை சீலோடு ஒட்டும்படி தள்ளிவிட்டு மெதுவாக உட்கார்ந்து, குலுக்காமல் இறங்கு. வளையம் நகர்ந்த தூரம் ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் 30 சதவீதம் வர வேண்டும். அதிகமானால் காற்று ஏற்று, குறைந்தால் இறக்கு. கடைக்காரர்கள் சராசரி ஆளுக்கு ஏற்றபடி காற்று ஏற்றி அனுப்புவார்கள். நீ சராசரி ஆளை விட லேசு.

வாங்குவதற்கு முன் ஒரு நாளாவது ஃப்ளூயிட்டை வாடகைக்கு எடுத்து அதே ஏற்றத்தில் ஏறிப் பார். அந்த சைட்காரரிடம் போர்க்கை கடைசியாக எப்போது ஓவராயில் செய்தார் என்று கேட்டு எழுது. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்குழாய் எண்ணெய் மாற்ற வேண்டும். அவர் விழித்தால் விலையைக் குறைக்கச் சொல். ஹெல்மெட், முழங்கால் கவசம் பற்றி அம்மா தனியாக எழுதுகிறாளாம். அது இதைவிட நீளமாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா